குறையை முதலில் சொல்பவள்

அவளுக்குக் குரல் நன்றாக இருக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தகரத்தைத் தரையில் போட்டு இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தக் குரல். மரக்காணம் உப்பளத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது என் பாத்தி வரை வரும். என் பாத்திகளுக்கும் அவள் பாத்திகளுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். இரண்டு பேரும் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டவர்கள். அவள் வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விடுவார். மாதத்துக்கு ஒரு முறை வருவார். உப்பு முழுக்க அவள் பொறுப்பு. பெயர் வேண்டாம். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

2004 மாசியில் அவள் ஒரு செல்போன் வாங்கினாள். பெரிய முதலாளிகளிடம் அதற்கு முன்பே இருந்தது. அவர்கள் உப்பளத்துக்கு ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவர்கள். சேற்றில் கால் வைக்கிற ஆட்களில் அவள்தான் முதல்.

காலிப் பால் கவரைக் கழுவிக் காயவைத்து, போனை அதற்குள் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருப்பாள். கவருக்கு மேலேயே நம்பரை அழுத்துவாள். கவரோடு காதில் வைத்துப் பேசுவாள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஒரு சைக்கிள் இரண்டு வருஷம் தாங்காது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் பால் கவர் எனக்குத் தோன்றவில்லை.

தரையில் நின்றால் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. உப்பு அம்பாரத்தின் மேல் ஏறினால் கேட்கும். வாரின உப்பை ரோட்டு ஓரமாக ஆள் உயரத்துக்கு மேல் குவித்து வைப்போம். அதுதான் அம்பாரம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சாக்கை விரித்துப் போட்டு, அதன் மேல் ஏறி நிற்பாள். சுற்றிலும் வெள்ளை வெயில். நடுவில் அவள் மட்டும் உயரமாக.

என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை.

"உப்பு மேல ஏறி நிக்கிறா பாருங்க. லட்சுமி தலைமேல நிக்கிற மாதிரி."

மேலே இருந்து பதில் வந்தது. "வார்றப்போ நாம அது மேலதானேக்கா நடக்கறோம்? அப்போ லட்சுமி எங்க போயிருந்தா?"

என் மனைவி உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அம்பாரத்தின் மேல் நின்று அவள் பேசுவதை முதல் நாள் கேட்டபோது பைத்தியம் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, இருக்குதுங்க. மொதல்ல குறைய சொல்லிடறேன். கிழக்குப் பக்கம் அடியில ஈரம் இருக்குது. மேல் உப்புல கொஞ்சம் பழுப்பு. கல்லு சின்னது. இதுக்கெல்லாம் ஒத்துவந்தா வாங்க. இல்லன்னா டீசல் வீணாக்காதீங்க."

விற்கிறவள் பேசுகிற பேச்சா இது?

எங்கள் வழக்கம் வேறு. கடைசியாக வாரின நல்ல வெள்ளை உப்பை எடுத்து, அம்பாரத்தின் ரோட்டுப் பக்கம் முழுக்கப் போர்த்துவோம். உள்ளே பழுப்பு இருக்கும், அடியில் மண் இருக்கும். ரோட்டில் வருகிற லாரிக்காரன் கண்ணுக்கு வெள்ளை மட்டும் தெரியும். அவன் இறங்குவான், பேச்சு ஆரம்பிக்கும். அவன் குறை கண்டுபிடிப்பான், நாம் இல்லை என்போம். பிறகு ஒரு விலையில் நிற்கும். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அதில் என் கை நன்றாக ஓடும். என் அம்பாரத்தை ரோட்டில் இருந்து பார்த்தால் கண் கூசும். அடுத்த பாத்திக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுப் போர்த்தச் சொல்வார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அவள் கூப்பிட்டதில்லை. அவள் அம்பாரம் எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு வாரம் கழித்து லாரி ஒன்று வந்தது. வெள்ளையாக ஜொலித்த என் அம்பாரத்துக்கு முன்னால் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. நேராக அவளிடம் போய் நின்றது. டிரைவர் இறங்கினான். கிழக்குப் பக்கம் அடியில் கை வைத்துப் பார்த்தான். ஈரம். மேலே பார்த்தான். பழுப்பு. தலையை ஆட்டினான். ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பேரம் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் அவளுக்கு வருகிற லாரிகளை எண்ண ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் நல்லது இல்லை. ஆனால் விட முடியவில்லை.

போனை வைத்துக்கொண்டு அவள் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான்.

லாரி திண்டிவனத்தைத் தாண்டினால் டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். வழியில் வண்டி நின்றுவிட்டால் இரண்டு. அவன் காசும் போகாது, அவள் காசும் போகாது. ஒரு மிஸ்டு கால் வந்ததும் அவள் மூட்டை பிடிக்கிற பெண்களுக்குக் குரல் கொடுப்பாள். அதுவரை அவர்கள் வேறு பாத்தியில் கூலி பார்ப்பார்கள். எங்களிடம் வந்தால் காலையில் இருந்து லாரிக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். வந்தால் கூலி, வராவிட்டால் வெறும் வெயில். அதனால் அவர்களும் அவள் பக்கம் போனார்கள். நான் கூப்பிட்டால், "அந்தக்காவுக்கு இன்னிக்கு வண்டி வருமாண்ணா, கேட்டுட்டு வர்றோம்" என்றார்கள்.

கோடையில் திடீரென்று மழை வரும். மேற்கே இருந்துதான் வரும். திண்டிவனத்தில் ஒரு டீக்கடைக்காரர் அவளுக்குத் தெரிந்தவர். மத்தியானம் அவரிடம் கேட்பாள்.

"அண்ணா, அங்க மேகம் எப்படி? கருப்பா, சாம்பலா?"

ஒரு நாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவள் அம்பாரத்தின் மேல் ஓலை போட ஆரம்பித்தாள். நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். ஒரு மணி நேரத்தில் காற்று திரும்பியது. என் அம்பாரத்தில் போர்த்தியிருந்த வெள்ளை முழுக்கக் கரைந்து ஓடியது. உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவளைப் பார்த்தேன். அவள் ஓலை எடுத்தால் நானும் ஓலை எடுப்பேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் ஓலை போட்டாள். நான் மூச்சு வாங்க என் அம்பாரத்தை மூடி முடித்தேன். மழை இல்லை. மேகமே இல்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள். "அண்ணா, நான் பழைய ஓலைய மாத்தறேன். நீங்க எதுக்கு மூடறீங்க?"

மூட்டை பிடிக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உப்பு காயட்டும்னு" என்றேன். மூடினால் எப்படிக் காயும்? அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

குறை சொல்வது உப்போடு நின்றிருந்தால் வியாபாரத் தந்திரம் என்று விட்டிருப்பேன். அப்படி இல்லை. அவள் ஆளே அப்படித்தான்.

மகளைப் பெண் பார்க்க பிரம்மதேசத்தில் இருந்து வந்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தாள். பையன் வீட்டார் காபியைக் கையில் வாங்கியதும் அவள் ஆரம்பித்தாள்.

"மொதல்ல குறைய சொல்லிடறேன். பொண்ணு கோவக்காரி. காலையில சீக்கிரம் எழுந்துக்க மாட்டா. மீன் கொழம்பு வெப்பா, அது கொழம்பு மாதிரி இருக்காது."

மகள் உள்ளே இருந்து, "அம்மா!" என்று கத்தினாள்.

"பாத்தீங்களா, கோவம்" என்றாள் இவள்.

பையனின் அம்மா காபியைக் கீழே வைத்தாள். கெட்டது போ என்று நினைத்தேன். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த அம்மா சொன்னாள்: "எங்க பையனும் ஏழு மணிக்கு மேலதாங்க எழுந்துக்குவான். பீடி பிடிப்பான். விட்டுட்டேன்னு சொல்லுவான், நம்பாதீங்க."

இரண்டு வீட்டாரும் சிரித்தார்கள். கல்யாணம் முடிவானது. திரும்பி வரும்போது என் மனைவி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். எங்கள் பெண்ணுக்கு வந்த இரண்டு இடம், எதையோ மறைத்தோம் என்று தெரிந்து திரும்பிப் போயிருந்தது.

எல்லாம் போன் செய்கிற வேலை என்று எனக்குள் ஒரு எண்ணம். போன் இருந்தால் லாரி வரும். அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் ஆடியில் புதுச்சேரி போய் ஒரு பழைய போன் வாங்கினேன். லாரிக் கதவுகளில் எழுதியிருக்கும் நம்பர்களை முன்பே ஒரு அட்டையில் குறித்து வைத்திருந்தேன். என் அம்பாரத்தின் மேல் ஏறினேன். சாக்கு போடவில்லை. சாக்கு அவள் செய்வது.

"உப்பு இருக்குதுங்க. பால் மாதிரி இருக்குது. ஒரு தூசு கிடையாது."

எல்லாருக்கும் இதையே சொன்னேன். ஆரணிப் பக்கம் இருந்து ஒரு லாரி நம்பி வந்தது. டிரைவர் இறங்கி, என் மண்வெட்டியையே வாங்கி, போர்த்தியிருந்த வெள்ளையைத் தாண்டி உள்ளே ஒரு குத்து குத்தினான். வெளியே வந்ததைக் கையில் அள்ளினான்.

"என்னாண்ணா, போன்ல பாலுன்னீங்க. உள்ள பால்கோவால்ல இருக்குது?"

காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். போகிற வழியில் மற்ற டிரைவர்களிடமும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

முன்பு ஒருவன் ஏமாந்து போனால் அது அவனோடு போகும். போன் வந்த பிறகு அது எனக்கு முன்னால் ஓடியது.

அவள் ஒரு நாள் வரப்பில் நின்று சொன்னாள். "அண்ணா, போனுக்குக் கவர் போடுங்க. சட்டைப் பாக்கெட்ல வெச்சா வேர்வையும் உப்பும் சேந்து தின்னுடும்."

அவள் சொன்னதாலேயே நான் போடவில்லை. ஐப்பசிக்குள் ஐந்தும் எட்டும் அமுங்கவில்லை. கார்த்திகையில் மொத்தமாகச் செத்தது.

அந்த டிசம்பரில் கடல் வந்தது. குப்பங்களில் போனவர்களைப் பற்றி எழுத எனக்கு வராது.

அன்று காலை அவள் மகள் கடலோரம் அனுமந்தையில் சிநேகிதி வீட்டில் இருந்தாள். இவள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். போகவில்லை. உப்பளத்தில் அப்போது அம்பாரம் எதுவும் இல்லை. வெறும் வரப்பின் மேல் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் மகள் ஈரத் துணியோடு நடந்து வந்தாள். வேளாங்கண்ணிக்கு நடந்து வந்து மொட்டை போடுகிறேன் என்று இவள் அங்கேயே வேண்டிக்கொண்டாள். அதைச் சத்தமாகச் சொன்னாள். அதுவும் என் பாத்தி வரை கேட்டது.

தண்ணீர் எங்கள் பாத்திகளில் கருப்புச் சேற்றை விட்டுப் போயிருந்தது. தை முழுக்க அவள் அதை வழித்தாள். நானும் வழித்தேன். முக்கால்வாசி வழித்ததும் எனக்குப் பொறுமை போனது. மேலே தண்ணீர் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கட்டிவிட்டேன்.

2005-ல் எல்லார் உப்பும் கொஞ்சம் கருப்புதான். என்னுடையது அதிகம் கருப்பு. கடல் சேறு கலந்த உப்பு என்று பேச்சுப் பரவி, வாங்குகிறவர்கள் மரக்காணம் பக்கம் வரப் பயந்தார்கள். அவளுக்கு மட்டும் வந்தார்கள். எவ்வளவு சேறு, எந்தப் பக்கம் சேறு என்று அவள்தான் சொன்னாள். மற்றவர்கள் எல்லாரும் சேறே இல்லை என்றோம்.

ஆவணி வந்தது. அவள் அம்பாரத்தில் பாதி போயிருந்தது. என்னுடையது அப்படியே இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் போகாவிட்டால் ஒரு வருஷ உழைப்பு தண்ணீராக ஓடிவிடும். அடுத்த வருஷம் குத்தகை எடுக்கவும் வழி இருக்காது. உப்பளத்தை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

அந்த நேரத்தில்தான் அவள் வேண்டுதலுக்குக் கிளம்பினாள். காவிச் சேலை, தோளில் ஒரு பை. கிளம்புகிற அன்று வரப்பைத் தாண்டி வந்து போனை என்னிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட எதுக்கு?" என்றேன். "நீயே கொண்டு போ."

"போன் உப்போட இருக்கணும்ண்ணா. என்னோட நடந்து வந்து அது என்னா பண்ணப் போவுது? கேக்கறவங்க உப்பப் பத்திதான் கேப்பாங்க. உப்பப் பாத்துட்டு இருக்கறவங்க பதில் சொல்லணும். நீங்கதான் எப்பவும் என் உப்பப் பாத்துட்டே இருக்கீங்க."

கிண்டலா, இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

"யார் கேட்டாலும் மொதல்ல கருப்பு இருக்குதுன்னு சொல்லிடுங்க. தெக்குப் பக்கம் ஒரு விரல் சேறு. அப்புறம்தான் மத்தது. டீக்கடையில சார்ஜ் போட்டுக்குங்க, சொல்லிட்டேன்."

போனாள். நான் போனைக் கவரோடு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அடித்தது. அம்பாரத்தின் மேல் ஏறினேன். என் அம்பாரம்தான்.

"அம்மா இருக்காங்களா?" ஆண் குரல். மெதுவான பேச்சு.

"ஊர்ல இல்லைங்க. வேளாங்கண்ணி போயிருக்காங்க."

"உப்பு வேணும். எவ்ளோ இருக்குது அவங்ககிட்ட?"

எதிரே அவள் அம்பாரம். பாதி வெட்டி எடுத்தது போக, ஓலை போர்த்தி, சுத்தமாக நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அவங்க உப்பு முடிஞ்சிடுச்சுங்க. பக்கத்துல என் உப்பு இருக்குது. வண்டிய அனுப்புங்க."

"அப்படியா? சரி. உங்க உப்புல என்ன குறை?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"குறையா? குறையே இல்லைங்க. சுத்தமான உப்பு."

அவர் மெதுவாகவே சொன்னார்.

"நானும் இருபது வருஷமா உப்பு வாங்கறேன். குறையே இல்லாத உப்ப இன்னும் பாக்கல. அந்தம்மா வரட்டும்ங்க, பேசிக்கறேன்."

வைத்துவிட்டார்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அடுத்த மூன்று நாளில் இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அவர்களிடமும் அவள் உப்பு முடிந்துவிட்டது என்றேன். அவர்களும் குறை கேட்டார்கள். ஒருவரிடம், "லேசா பழுப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். "லேசான்னா எவ்ளோ?" என்றார். வாய் வரவில்லை. எத்தனையோ வருஷம் இல்லை என்று சொல்லிப் பழகின வாய்.

அவள் திரும்பி வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தாள். பாதம் இரண்டும் வெடித்திருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உப்பளத்துக்கு வந்தாள். எனக்குப் பொரி கொடுத்தாள். போனை வாங்கினாள். சாக்கைப் போட்டு நொண்டி நொண்டி அம்பாரத்தில் ஏறினாள். எதையோ அழுத்தினாள்.

"மூணு பேர் கூப்ட்டிருக்காங்களே, என்னா கேட்டாங்க?"

யார் கூப்பிட்டார்கள் என்று போனே எழுதி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. என் போனில் நான் அதைப் பார்த்ததே இல்லை. எனக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

"ராங் நம்பர்" என்றேன்.

"மூணுமா?"

நான் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கேயே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கீழே நான். என் பாத்தியில் என் மனைவி. கொஞ்சம் தள்ளி மூட்டை பிடிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர்.

முதல் ஆள் வேறு இடத்தில் ஏற்றிவிட்டாராம். இரண்டாம் ஆளும் அப்படியே. "அப்படிங்களா, சரிங்க" என்றாள், இரண்டு முறை. மூன்றாவது, அந்த மெதுவான குரல்காரர். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவள் பேசியது ஊருக்கே கேட்டது.

"முடியலைங்க, பாதி இருக்குது... ஆமாங்க, அவர்தான். பக்கத்துப் பாத்திக்காரர்... இல்லைங்க, என்னுது கல்லு சின்னது... தோல் பதப்படுத்தறதுக்கா? தோல் ஊற வெக்கப் பெருங்கல்லுதான் வேணும்... அவரு உப்பா?"

என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பாத்தியில் சேறு எவ்வளவு என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"மொதல்ல குறைய சொல்லிடறேன். மேல வெள்ளையா இருக்கும், அது போர்த்துனது. உள்ள நல்ல கருப்பு. கடல் சேத்த முழுசா வழிக்காம வாரின உப்பு. அடியில ஒண்ணர சாண் மண்ணு, அத விட்டுட்டு ஏத்திக்குங்க. சாப்பாட்டுக்கு ஆகாது. ஆனா கல்லு பெருசுங்க. தோலுக்கு என்னுதவிட அதான் நல்லா பிடிக்கும்."

அவர் ஏதோ கேட்டார்.

"ஆளா?" என்றாள் அவள். "பொய் சொல்லுவாருங்க. மூட்டையில எடை கொறைக்க மாட்டாரு."

மூட்டை பிடிக்கிற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் வரப்புக்குப் போனேன். அடைக்க எதுவும் இல்லாத இடத்தில் மண்ணைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். "எல்லார் முன்னாடியும் எப்படிப் பேசிட்டா பாத்தியா?"

அவள் குழம்பை ஊற்றினாள். "அவ சொன்னதுல எதுங்க தப்பு?"

நான்காம் நாள் அவள் போனில் ஒரு மிஸ்டு கால் வந்தது. ஒன்றுதான். இரண்டு லாரிகள் அடுத்தடுத்து வந்தன. அடி மண்ணை விட்டுவிட்டு என் உப்பை முழுக்க ஏற்றின. டிரைவர் குத்திப் பார்க்கவில்லை. பேரம் இல்லை. என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் விற்ற ஒரே உப்பு அதுதான்.

அவள் மீதி உப்புக்கு யாரும் வரவில்லை. வர வேண்டியவர்கள் வேறு இடத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் மேகம் இறங்கியது. அந்த வருஷ மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாம் நாள் காற்றில் அவள் அம்பாரத்து ஓலை பறந்தது. நான் என் காலி இடத்தில் கிடந்த ஓலைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழையில் நின்று இரண்டு பேரும் போர்த்தினோம்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது. திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டலாம். அவள் போனையும் அம்பாரத்தின் மேல் நிற்பதையும் சேர்த்துத் திட்டலாம். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அவள் என் ஓலை ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, இது மட்டம். நடுவுல ஓட்டை."

அவ்வளவுதான் பேசினாள். உப்பு அடியில் கரைந்து எங்கள் கால் மேல் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது.

அவள் போனைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். போன் என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

2006-ல் குத்தகை என் கையை விட்டுப் போகவில்லை. தை மாதம் சேற்றை ஒழுங்காக வழித்தேன் என்று சொல்ல மாட்டேன். போன வருஷத்தைவிட ஒழுங்காக வழித்தேன். ஒரு போன் வாங்கினேன். பால் கவர் போட்டேன். அவள் பார்க்காதபோது போட்டேன்.

பங்குனிக் கடைசியில் முதல் அம்பாரம் எழும்பியது. வெள்ளையைத் தனியாக ஒரு ஓரத்தில் குவித்து வைத்திருந்தேன். போர்த்தலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. அப்போது போன் அடித்தது. எனக்கென்று வந்த முதல் அழைப்பு. ஏறினேன். கீழே வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு விரல் அளவு முடி வளர்ந்திருந்தது.

அதே மெதுவான குரல்காரர்தான். என் நம்பரை அவள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"உப்பு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க." போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். "மொதல்ல... குறைய சொல்லிடறேன். உள்ள கொஞ்சம் கருப்பு இருக்குதுங்க. அடியில மண்ணு இருக்கும்."

"எவ்ளோ மண்ணு?"

"ஒரு சாண்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. பலகையை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணர சாண்ண்ணா."

அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

"ஒண்ணர சாண்ங்க" என்றேன்.

லாரி வந்தது. பிறகும் வந்தது. இன்று வரை வருகிறது. ஏறும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

அவளிடம் என்ன குறை என்று கேட்டால் எனக்கு ஒன்றுதான் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.